இடுப்பு வலிக்கு மனநல டாக்டர் எதற்கு?



"இடுப்பு வலிக்குன்னு மருந்து கேட்டுப் போனேன். மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. எனக்கென்ன பைத்தியமா?"

கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்ற ஒரு அக்கா எங்களிடம் இப்படிக் கேட்டார். அந்தத் துண்டு அவர் வீடு வரைக்கும் வரவில்லை. வழியிலேயே கிழித்துத் தேயிலைச் செடிக்குள் போட்டுவிட்டாராம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாலு வருஷமாக அவருக்கு இடுப்பு வலி. எக்ஸ்ரே எடுத்தாச்சு, மாத்திரை விழுங்கியாச்சு, எண்ணெய் போட்டாச்சு. துண்டு எழுதியவர் செய்தது தப்பில்லை. ஏன் அனுப்புகிறோம் என்று இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அந்த இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதுதான் இந்த மாதப் பாடம்.

இதற்கு உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிப்போக வேண்டும். கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை பொல்கஹவெலயில் இரண்டாகப் பிரிகிறது அல்லவா? ஒன்று நம்ம மலைக்கு ஏறிப் பதுளையில் முடிகிறது. மற்றது வடக்கே போய், யாழ்ப்பாணமும் தாண்டி, கடலோரத்தில் காங்கேசன்துறையில் முடிகிறது. நாம் ஒரு முனை, அவர்கள் மறுமுனை. அங்கே தேயிலையும் இல்லை, மலையும் இல்லை. செம்மண், பனை, கிணறு, உப்புக்காற்று. ஆனால் அங்கே உள்ள அம்மாமார் ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியும் இதேதான். பைத்தியம் என்பதற்கு அவர்கள் 'விசர்' என்பார்கள். "நாரி நோவுக்கு மருந்தெடுக்க வந்தனான். எனக்கென்ன விசரே?" நாரி என்றால் நம்ம இடுப்பு.

காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டிலிருந்து பெரிய சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. துறைமுகம், ரயில், கடைகள் என்று கலகலப்பான ஊர். 1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் தொடங்கியதும் வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடியது. தொழிற்சாலையும் நின்றது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சில நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் பலர் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் தங்கள் வளவைப் பார்த்தார்கள். பார்க்காமலே கண்மூடியவர்களும் உண்டு. நின்றுபோன ரயில் 2015 ஜனவரியில்தான் மறுபடியும் அந்த ஊர் வரை போனது.

அந்த யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வீடு போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து "மனசு சரியில்லை" என்று சொல்லவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, நாரி நோ, உடம்பு முழுக்க உளைவு என்றுதான் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் யுத்தத்தில் அகப்பட்ட பொதுமக்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 1994இல் வெளியிட்டார்கள். அதில் 100க்கு 41 பேரிடம், மனத்தின் பாரம் உடல் நோவாக வெளிப்பட்டிருந்தது. மனச்சோர்வு தெரிந்தது 100க்கு 25 பேரிடம். அதாவது, மனசு வாய் திறக்கும் முன்னால் உடம்பு பேசிவிட்டது.

இப்போது ஒரு அம்மாவின் கதை. இது ஒரே ஆளின் கதை இல்லை. அந்த ஊர்ச் சனம் பலருக்கு நடந்ததை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். 1990இல் இரண்டு பிள்ளைகளோடு ஊரை விட்டவர். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலில் இருந்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே ஒரே ராத்திரியில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சின்ன மகனை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலுமாக மழைக்குள் நடந்தார். அங்கே பிடித்த நாரி நோ பிறகு விடவில்லை. நாட்டு வைத்தியம், இங்கிலீஷ் மருந்து இரண்டும் பார்த்தார். கீரிமலைக் கேணியிலும் முழுகினார். (கீரிமலையில் தீர்த்தமாடிக் குதிரை முகம் மாறிய சோழ இளவரசிதான் மாவிட்டபுரம் கோயிலைக் கட்டினாள் என்பது அந்தப் பக்கத்துக் கதை. நோயைத் தண்ணீரில் கழுவிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த மண்ணில் ஊறினது. முழுகினால் கொஞ்ச நேரம் சுகமாக இருப்பதும் உண்மை.) எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில், காங்கேசன்துறையிலிருந்து சில மைல் தெற்கே இருக்கும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குத் துண்டு கொடுத்தார்கள்.

நம்ம அக்கா கிழித்துப் போட்டார். இந்த அம்மா கிழிக்கவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனார். "நான் நடிக்கிறன் எண்டு சொல்லுறியளோ?" அங்கிருந்த உளவளத்துணையாளர் சொன்ன பதிலை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேணும். "இல்லையம்மா, உங்கட நோ உண்மையான நோ. அதை முதலில நான் நம்பிறன். பிறகு மிச்சத்தைக் கதைப்பம்."

வலி உண்மை என்றால் மனசுக்கு அங்கே என்ன வேலை? கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மும்முரமாக வெட்டும்போது கத்தி கையில் பட்டுவிடும். தெரியாது. வேலை முடிந்து கை கழுவும்போது ரத்தத்தைப் பார்த்ததும்தான் சுள்ளென்று எரியும். காயம் காலையிலேயே பட்டாச்சு, எரிச்சல் மாலையில்தான் வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியில் இருந்த பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியரும் இதைப் பார்த்தார். படுகாயப்பட்ட சிப்பாய்களிடம் "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். உயிரோடு சண்டைக்களத்தை விட்டு வந்துவிட்டோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி அவர்கள் வலியைக் குறைத்திருக்கும் என்று அவர் எண்ணினார்.

1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வாய்க்காலில் மடை கட்டுவார்கள், வெட்டி விடுவார்கள். அதுபோல முதுகுத்தண்டில் ஒரு மடை இருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து வரும் சேதி அந்த மடையைத் தாண்டித்தான் மூளைக்குப் போகணும். பயம், கவலை, தூக்கமில்லாமை மடையை அகலத் திறந்துவிடும். நிம்மதி, வேறு காரியத்தில் கவனம், அன்பான கை தடவுவது, இதெல்லாம் மடையைக் கொஞ்சம் அடைக்கும். அடிபட்ட பிள்ளையின் முழங்காலை நாம் தேய்த்துவிட்டு "ஒண்ணுமில்லடா" என்பது சும்மா இல்லை. அவர்கள் சொன்ன எல்லாமே அப்படியே சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மூளை மேலேயிருந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்பது நிலைத்துவிட்டது.

நம்ம பாஷைக்கு இது எப்போதோ தெரியும் போல. கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம். அடுத்த வீட்டுக்காரி ஏசினால் வயிறு எரியுது. மகன் கடிதம் போடாவிட்டால் நெஞ்சு கனக்குது. உடம்புக்கு ஒரு சொல், மனசுக்கு ஒரு சொல் என்று நம்ம பெரியவங்க பிரித்து வைக்கவில்லை.

புதுசாக அடிபட்ட வலி வேறு, மூணு மாசத்துக்கு மேல் நிற்கும் வலி வேறு. முன்னது காவல்நாய் குரைக்கிற மாதிரி. திருடன் வந்தால் குரைக்கும், போனால் நிறுத்தும். பின்னதில் பல பேருக்குக் காயம் ஆறியிருக்கும், நாய் மட்டும் பழக்கத்தில் குரைத்துக்கொண்டே இருக்கும். இலை அசைந்தாலும் குரைக்கும். மாத்திரை அந்த நாயைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும், அவ்வளவுதான். வந்திருப்பது திருடன் இல்லை என்று நாய்க்குப் பழக்கிக் கொடுப்பதுதான் உளச்சிகிச்சை. நாயே இல்லை என்று அது சொல்வதில்லை.

சரி, அங்கே என்னதான் செய்வார்கள்? காங்கேசன்துறை அம்மாவுக்கு முதல் இரண்டு முறையும் ஒன்றும் செய்யவில்லை, கேட்டார்கள். நோ எப்போது கூடுது, எப்போது குறையுது, அந்த நேரம் என்ன யோசிக்கிறீர்கள் என்று. ஒரு கொப்பியில் குறித்துவரச் சொன்னார்கள். எழுத முடியாததால் மகள் எழுதினாள். கொப்பியைப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, கிணறு. நோ குறைந்த நாளில் அந்த அம்மா விட்டதையெல்லாம் பிடிக்கிறேன் என்று முப்பது வாளி தண்ணீர் அள்ளினார். அடுத்த மூணு நாள் பாயில். படுத்துப் படுத்து இடுப்புச் சதை மெலிந்தது. மெலிந்த சதைக்கு அடுத்த தடவை பத்து வாளியே பாரம். துணையாளர் சொன்னது: "நல்ல நாளிலயும் ஆறு வாளி, கூடாத நாளிலயும் ஆறு வாளி. இரண்டு கிழமைக்குப் பிறகு ஏழு." அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது படுக்கிறதை விடக் கஷ்டம் என்றார்.

இங்கே நம்ம பக்கம் ஒரு வார்த்தை. மலையில் வேலையை அளந்து செய்ய நம்மால் முடியாது. கிலோ வேறு ஆள் வைக்கிற கணக்கு, குறைந்தால் அரைப் பேர். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் லயத்துக்கு வந்தபிறகு விறகு, தண்ணீர், துணி, ரொட்டி என்று இன்னொரு நாள் வேலை இருக்கிறதே, அதை அளக்கலாம், பங்கு போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு வாரத்து விறகைச் சுமப்பதை விட்டு, தினம் ஒரு சின்னக் கட்டு. வீட்டு ஆம்பிளைங்களும் இந்தப் பந்தியை ஒருதரம் வாசிக்க வேணும்.

கொப்பியில் தெரிந்த இரண்டாவது விஷயம் ஒரு நினைப்பு. "எலும்பு தேய்ஞ்சு போச்சு, குனிஞ்சா முறிஞ்சிடும்." யாரோ எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன சொல். அதனால் அந்த அம்மா பத்து வருஷமாகக் குனியவே பயந்தார். குனியாத முதுகு விறைத்துப் போகும், விறைத்தது இன்னும் வலிக்கும். இந்தத் 'தேய்வு' பற்றி ஒரு சங்கதி. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரரிலேயே 100க்கு 37 பேருக்கு முதுகு வட்டில் தேய்வு இருந்தது. 80 வயதில் 96 பேருக்கு. தலை நரைக்கிற மாதிரிதான் அதுவும், பெரும்பாலும். இதைப் படம் போட்டு விளக்கி, ஒரு விளக்குமாறைக் கீழே போட்டு, "மெதுவா எடுங்கோ, நான் பக்கத்திலதான் நிக்கிறன்" என்று எடுக்கவைத்தார்கள். முறியவில்லை. அடுத்த கிழமை கடகம். நினைப்பை வாயால் மட்டும் மாற்ற முடியாது, உடம்பு செய்து பார்த்தால்தான் மனசு நம்பும்.

மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். பேராசிரியர் சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்குப் புதுசாக ஒன்றும் இறக்குமதி செய்யவில்லை. சாந்தி ஆசனம், பிராணாயாமம், ஜெபம் என்று நம்ம ஆட்களிடம் இருந்ததையே எடுத்தார்கள். சைவக்காரருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வழியில். செய்முறை சுலபம். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக நாலு எண்ணும் வரை இழுங்கள், வயிற்றுக் கை எழும்பணும். ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒவ்வொரு தடவை விடும்போதும் நெற்றி, தாடை, தோள், இடுப்பு, கால் என்று ஒவ்வொரு இடமாகத் தளர விடுங்கள். பத்து நிமிஷம், காலையும் ராவும். வலி வந்தபிறகு செய்வதல்ல, வராதபோதும் செய்வது. லயத்துக் காம்பராவில் பத்து நிமிஷம் அமைதி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பிரட்டுக்குப் போவதற்கு முன்னால், பிள்ளைகள் எழும்ப முன் கிடைக்கும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அழுதது எட்டாவது முறை போனபோது. 1995 ராத்திரி நடையைப் பற்றி அதுவரை அந்த அம்மா யாரிடமும் கதைத்ததில்லை. வழியில் விட்டுவிட்டு வந்த மாமியாரைப் பற்றி. துணையாளர் கேட்கவில்லை, தானாக வந்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு மூட்டை இருக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு வெறும் முதுகு வலிதான். தோண்டித் துருவித் துக்கத்தை எடுக்கிறவர் நல்ல துணையாளர் இல்லை.

எவ்வளவு குணமாகும்? இதில் நாங்கள் கூட்டிச் சொல்ல மாட்டோம். உலகம் முழுக்க நடந்த 75 ஆய்வுகளை, 9,401 பேரை, 2020இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சையால் வலி, முடங்கிக் கிடப்பது, மனவருத்தம் மூன்றும் குறைகின்றன, ஆனால் சராசரியாகக் குறைவது கொஞ்சம்தான் என்று கண்டார்கள். அமெரிக்காவில் 151 பேரை வைத்து நடத்தி 2022இல் அச்சான இன்னொரு ஆய்வில், 'இந்த வலி ஆபத்தில்லை' என்று மூளைக்குப் பழக்கும் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வலி ஏறக்குறைய இல்லாமல் ஆனார்கள். நல்ல சேதிதான், ஆனால் அவர்கள் நடுத்தர வலிக்காரர், வசதியான நாட்டுக்காரர். அதைக் காட்டி இங்கே யாரும் "ஒரு வாரத்தில் சுகம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாடத்தைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். எங்களில் ஒருவரே ஒரு ஆஸ்பத்திரியில் "எல்லாம் உன் மனசுல இருக்கு, போ" என்று கேட்டு வந்தவர். வேலை வாங்குகிறவரும் அதையே சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். ஈரக் கூடையின் பாரம், தலையில் அழுத்தும் கயிறு, சறுக்கும் மேடு, பிள்ளை பெற்ற கையோடு மலைக்கு ஓடுவது, இதெல்லாம் மனசில் இல்லை, முதுகில் இருக்கிறது. அதை மாற்றக் கேட்பதும் வலிக்கு வைத்தியம்தான். உளச்சிகிச்சை அதற்கு மாற்று இல்லை.

சில வலிகளுக்கு இந்தப் பாடமே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கால் மரத்து பலம் இழந்தால், உட்காரும் இடம் விறைத்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால் அல்லது அடைத்துக்கொண்டால் அன்றைக்கே போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் மெலிவது, விழுந்தபின் வந்த வலி, ராத்திரியில் படுத்தாலும் குறையாத வலி, புற்றுநோய் இருந்தவருக்கு வந்த புது வலி, இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். வலியை மறக்கச் சாராயம் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: அது தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டும்.

மற்றபடி மூணு மாசம் தாண்டிய வலி இருந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு, மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். தமிழ் தெரிந்தவர் எந்தக் கிழமை இருப்பார் என்று முதலில் விசாரியுங்கள். பாஷை புரியாமல் இந்தச் சிகிச்சை நடக்காது, ஒரு நாள் பேரையும் இழந்து வீணாக வரவேண்டாம். போனில் கதைக்க விரும்புகிறவர்களுக்கு தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். வலிக்காரரைப் பார்த்து "சும்மா படு" என்று எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்வதும், "நடிக்கிறா" என்று ஏசுவதும் இரண்டுமே வலியை வளர்க்கும். எப்படி நடப்பது என்று வீட்டாருக்கும் அங்கே சொல்லித்தருவார்கள்.

காங்கேசன்துறை அம்மாவின் நோ முழுக்கப் போகவில்லை. மாரி காலத்தில் இன்னும் பிடிக்கும். காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தார், வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். இப்போது பதினாலு வாளி. நல்ல நாளிலும் பதினாலுதான்.

எங்கள் அக்காவுக்குப் புதுத் துண்டு எழுதி வாங்கியிருக்கிறோம். போகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. இந்தத் தடவை கிழிக்கவில்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.